இடுப்பில் ஆற்றைக் கட்டியவர்

ஒரு சின்னப் பிள்ளை உண்மை சொன்னபோது, அவள் சொல்வது பொய் என்று அவளுடைய தாயை நம்பவைத்தவன் நான். தாய் அவளை என் கண் முன்னால் அடித்தாள். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் குற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தேன். குறையவில்லை.

அப்போது நான் சிட்னியில், கிரவீனில் என் மகளின் வீட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு மகள் என்னை அழைத்தாள். விருந்தாளியாக வந்து, இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். காத்திருப்பவனுக்கு வருகிற பயம் ஒரு தனி வகை. தெருவில் அறியாத கார் நின்றால் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பேன். நம்பர் காட்டாத அழைப்பு வந்தால் தொலைபேசியை எடுக்க மாட்டேன். எனக்கு எதிராக ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எடுக்க மாட்டேன்.

2011இல் எங்கள் தெருவின் முடிவிலிருந்த வாடகை வீட்டில் ஒரு தாயையும் மகளையும் கொண்டுவந்து இருத்தினார்கள். வன்னியிலிருந்து படகில் வந்தவர்கள். முதலில் ஒரு தீவு முகாமில் வைத்திருந்தார்கள், பிறகு வில்லாவுட் தடுப்பு முகாமில். இப்போது வெளியே விட்டாயிற்று. ஆனால் சொன்ன வீட்டில்தான் படுக்க வேண்டும், வேலைக்குப் போகக் கூடாது, வழக்கு முடியவில்லை. கிழமைக்கொரு தரம் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வெள்ளைக் காரில் ஒரு பெண் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தத் தாய்க்கு முப்பது வயதிருக்கும். கடைசிச் சண்டை முடிந்து சனம் வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற அவளுடைய கணவனை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அவன் டிராக்டர் திருத்துகிறவன். அதன் பிறகு அவனை யாரும் காணவில்லை. ஆனாலும் அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, சிவப்பாக, பெரிதாக. என் மகள் ஒருநாள் மெதுவாகக் கேட்டதற்கு அவள் சொன்னாள்: "செத்தவர் எண்டு ஆர் கண்டது அக்கா? கண்டவை வந்து சொல்லட்டும். அப்ப அழிக்கிறன்."

தன் மகளுக்கு அவள் சொல்லியிருந்தது, அப்பா வெளிநாட்டில் என்று. எங்கள் சனத்திடையே இது வழக்கம். காணாமற்போன தகப்பன்மார் பிள்ளைகளுக்கு எப்போதும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். எந்த நாடு என்று பிள்ளை கேட்கும் வயது வரும்வரை அது போதும்.

அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. தாய் ஆங்கில வகுப்புக்குப் போகும் பின்னேரங்களில் அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். பிள்ளை என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். அடக்கமான பிள்ளை. வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் மட்டும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைப் பெரிதாகத் திறந்து வைத்திருப்பாள். முதல் தடவை, அவள் சத்தமில்லாமல் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஷெல் விழும்போது வாயைத் திறந்து வைத்தால் காது வெடிக்காது என்று பதுங்குகுழியில் பழக்கியிருந்தார்கள். எங்கள் பகுதியில் பொலிஸ் ஹெலிகொப்டர் அடிக்கடி சுற்றும். எப்போது சுற்றும் என்று யாருக்குத் தெரியும்? அவள் எங்கள் வீட்டில் விளையாடும்போதுகூட மேசையை விட்டுத் தூரம் போகமாட்டாள்.

என் பேத்தி அவளைவிட இரண்டு வயது மூத்தவள். தமிழ் விளங்கும், பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள்தான் நூலகத்திலிருந்து அந்த டிவிடியை எடுத்து வந்தாள். அமெரிக்க நாட்டார் வீரர்களின் கதைகள், கார்ட்டூனாக. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஊரில் இதைப் புளுகு என்போம். ஆலங்கட்டி மழையைச் சட்டியில் பிடித்துப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கிழவி, காற்றில் பறந்த பண்ணையைக் கயிறு வீசிப் பிடித்துக் கட்டியவள், இப்படி ஒவ்வொன்றும் ஒரு புளுகு. அமெரிக்கர்கள் அதை வெட்கமில்லாமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே படம் ஓட ஓட நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து தமிழில் சொல்லுவேன். நாற்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு அது ஒரு சந்தோஷம்தான். உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை. கூட்டிச் சொன்னேன்.

"தாத்தா, ஹீ செட் பீன்ஸ்," என்பாள் பேத்தி. "நீங்கள் புட்டு எண்டு சொல்லுறீங்கள்."

"வாயைப் பொத்து. அமெரிக்கன் பீன்ஸ் சாப்பிட்டா நாங்கள் புட்டு."

"அவன் ஒரு சட்டிதான் சாப்பிட்டவன்."

"நீ எண்ணினனியோ?"

சின்னவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்தக் கதைகளில் ஒன்று தோணிக்காரன் ஒருவனைப் பற்றியது. ஆற்றுக் கரையில் இருந்தவன். வெள்ளம் வந்து அவன் வீட்டைப் பெண்சாதி பிள்ளைகளோடு இழுத்துக்கொண்டு போகிறது. அவன் ஆற்றைத் துரத்திக்கொண்டு ஓடி, அதன் வாலைப் பிடித்து இடுப்பில் கட்டி, வந்த வழியே இழுத்துக்கொண்டு நடக்கிறான். மலை அளவு ஆள். அவன் தும்மினால் ஊர்க் கூரைகள் பறக்கும். அவன் தோணி பாறையில் உரசுவதுதான் இடி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் ஹெலிகொப்டர் வந்தது. யாரையோ தேடியிருக்க வேண்டும். கூரைக்கு மேலேயே நின்றது போலிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை மேசைக்குக் கீழே போய்விட்டாள். நான் குனிந்து பார்த்தேன். திறந்த வாய் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் பயம் பிடித்தது. அவளுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று நினைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பயப்பிடாதை," என்றேன். "அது ஹெலி இல்லை. அவர் தும்மினவர்."

"ஆர்?"

நான் திரையைக் காட்டினேன். தோணிக்காரன் பாறையில் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை மேசைக் காலுக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்தாள்.

"இடக்கையால சாப்பிடுறார்," என்றாள். "அப்பாவும் இடக்கை. அப்பம்மா அதுக்கு ஏசுவா."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம்.

"ஓம் பிள்ளை. அது உன்ர அப்பாதான். அமெரிக்காவுக்குப் போய் வளந்திட்டார்."

பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. தவழ்ந்து வெளியே வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் இவ்வளவு பெரிசு?"

"அங்கத்தைச் சாப்பாடு அப்பிடி."

"ஏன் இன்னும் வரேல்லை?"

"ஆறு பாரமெல்லே. இழுத்துக்கொண்டெல்லே வரவேணும்."

"கடலுக்கால எப்பிடி ஆத்தை இழுக்கிறது?"

"அதுதான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறார். ஆத்துத் தண்ணி பட்டால் கடல் உப்புக் கெட்டுப்போமெல்லே. பிறகு மீனெல்லாம் சண்டைக்கு வரும்."

அன்றிலிருந்து அவள் மேசைக்குக் கீழே போகவில்லை. ஹெலிகொப்டர் வந்தால் முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்து, "அப்பா, தடிமன் பிடிச்சிட்டுதோ?" என்று கத்துவாள். தாய் அதைக் கேட்டதில்லை. அவள் வகுப்பில் இருப்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. டாக்டர்களுக்கு ஏலாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் வெள்ளைக் காரில் வரும் பெண் பிள்ளையோடு பேச்சுக் கொடுத்திருக்கிறாள். வேறொன்றுமில்லை, அன்பாகத்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆங்கிலம் வரத் தொடங்கியிருந்தது. அப்பா அமெரிக்காவில், பெரிய ஆளாகிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார், தாத்தாவுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள்.

தாயை விசாரணைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். கணவனைக் காணவில்லை என்றுதானே சொன்னாய், மகள் அவர் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்கிறாளே? பெரிய ஆள் என்றால் என்ன, எந்த இயக்கத்தில் பெரிய ஆள்? கணவன் இல்லாத பெண்கள் உங்கள் சமயத்தில் பொட்டு வைப்பதில்லையாமே, நீ ஏன் வைத்திருக்கிறாய்? இதையெல்லாம் அவள் எங்கள் குசினி வாசலில் நின்று சொன்னாள். பிள்ளை அவளுக்குப் பின்னால் நின்றாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. இவளைக் கேட்டால் தாத்தா சொன்னவர் எண்டுறாள். படம் போடேக்க ஏதும் பகிடிக்குச் சொன்னனீங்களோ?"

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்தது கெஞ்சல்தான். ஓம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் மூச்சு விட்டிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. தாத்தாவுக்குத் தெரியும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். என் பெயரும் அங்கே போய்விட்டது. என் விண்ணப்பமும் அதே ஆட்களின் மேசையில். இயக்கத்தில் பெரிய ஆள், அவனைத் தெரிந்த தாத்தா.

"நானோ? நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "சின்னப் பிள்ளையள்தானே. படத்தைப் பாத்திட்டுத் தானாய்க் கட்டியிருக்கும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." திரும்பிப் பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள். "மூத்தவையில பழி போடுறியோ? எங்களைத் திரும்ப அனுப்பப் போறாங்களடி, விளங்குதோ? ஒரு பொய்யால அனுப்பப் போறாங்கள்!"

பிள்ளை அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அதன் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வெள்ளைக் கார் தெருவுக்குள் திரும்பும் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் கண்டேன். வில்லாவுட்டிலிருந்து ஒரு பொடியனை நாடு கடத்த விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்களாம் என்று பெண்டில் ஹில் தமிழ்க் கடையில் யாரோ சொன்னார்கள். நான் வாங்க வந்த சாமானை வாங்காமல் திரும்பி நடந்தேன். என் மகளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். தகப்பனைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை. "அப்பா, ஒண்டிலும் தலையிடாதேங்கோ. உங்கட விசா இன்னும் கையில இல்லை," என்று மட்டும் சொன்னாள். அவளுடைய பயத்தை நான் ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டேன்.

சாட்டு இல்லாதவள் பேத்திதான். சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"தாத்தா, பட் யூ டிட் சே இட். எனக்குக் கேட்டது."

"சாப்பிடு பிள்ளை," என்றாள் என் மகள்.

"பள்ளிக்கூடத்தில நாங்கள் பொய் சொன்னா எழும்பி நிண்டு சொல்ல வேணும். பெரியாக்களுக்கு அந்த ரூல் இல்லையோ?"

அவள் தாய் அவளைச் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்கு அனுப்பினாள். நான் அப்போதும் எழும்பி நிற்கவில்லை.

என்னை எழுப்பியது வேறொன்று. ஒரு காலை, பஸ் தரிப்பிடத்தில் அந்தத் தாயைக் கண்டேன். வேறு யாரோ என்று தாண்டிப் போகப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. அவ்வளவு காலம் பொட்டிருந்த இடத்தில் தோல் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"என்ன பிள்ளை இது?" என்றேன்.

"வாற கிழமை திரும்ப விசாரணை அங்கிள். பொட்டோட போனால் மனிசன் உயிரோட இருக்கிறார் எண்டுதானே நினைக்கினம்." தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செத்திட்டார் எண்டே சொல்லப் போறன். அதுதான் எல்லாருக்கும் சுகம்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். கண்டவர்கள் வந்து சொன்னால் அழிக்கிறேன் என்றவள். யாரும் கண்டு வந்து சொல்லவில்லை. என் வாய்தான் அவனைக் கொன்றது.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்: தும்மல், இடக்கை, அமெரிக்கா, குசினியில் நான் சொன்ன பொய். ஏசுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் இல்லாததால் கை அப்படியே நின்றது.

"உள்ள வாங்கோ," என்றாள் கடைசியில். "எனக்குச் சொன்னது மட்டும் காணாது. அவளுக்குச் சொல்லுங்கோ."

பிள்ளை நிலத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னால் நிலத்தில் இருக்க முடியாது; கதிரையின் நுனியில் இருந்தேன். நீ பொய் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன், அம்மா உன்னை அடித்தது என்னால், என்றேன்.

"அப்ப அந்த ஆள் ஆர்?" என்று கேட்டாள்.

"ஆருமில்லை. கீறின படம்."

"தும்மினது?"

"அது ஹெலிதான்."

பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப அப்பா எங்க?"

நான் தாயைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவவில்லை. "நீங்கள் சொல்லுங்கோ அங்கிள்," என்றாள். "நல்லாக் கதை சொல்லுவியள்தானே."

"தெரியாது பிள்ளை," என்றேன். "ஒருத்தருக்கும் தெரியாது." பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் முதலில் முகத்தைத் திருப்பினேன்.

மறுநாள் தாயின் வழக்கறிஞரிடம் போனேன். மகள் வேலைக்கு விடுப்பு எடுத்து என்னோடு ரயிலில் வந்தாள். வழி நீள அழுதாள், ஆனால் வந்தாள். வழக்கறிஞர் இளம் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த டிவிடி இன்னும் கிடைக்குமா என்றுதான் கேட்டார்.

விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. அதிகாரி வயதானவர், என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். பரவாயில்லை, பிள்ளைக்கு எந்த மொழியில் எப்படிச் சொன்னீர்களோ அப்படியே சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் சொல்லுவார் என்றார். கணினியில் படத்தை ஓடவிட்டார்கள். நான் கதிரையில் இருந்தபடி ஓர் அமெரிக்கப் புளுகைத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்த்த பெண் இந்தியத் தமிழ்ப் பெண்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. மீன் எதுக்கு சண்டைக்கு வருதுன்னு சொன்னீங்க?"

"கடல் உப்புக் கெட்டுப்போகுமாம் எண்டு."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி எழுதினார். எந்த இடத்தில் இவர் உன் அப்பா என்றீர்கள் என்று கேட்டார். நான் கைகாட்டினேன். படத்தை நிறுத்தினார்கள். தோணிக்காரன் இடக்கையைத் தூக்கியபடி திரையில் நின்றான். தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேட்டபோது ஏன் மறைத்தீர்கள்?" என்றார் அதிகாரி.

"பயம்."

"எதற்குப் பயம்?"

"உங்களுக்கு," என்றேன்.

மொழிபெயர்த்த பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

பல மாதம் கழித்து அவர்களுக்கு விசா கிடைத்தது. என் சாட்சி உதவியதா என்று வழக்கறிஞரைக் கேட்டேன். சொல்ல முடியாது, உதவாமல் போயிருக்காது என்றார். எனக்கும் பின்னர் கிடைத்தது. என் சாட்சியைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் பயந்தது எதுவும் எனக்கு நடக்கவில்லை. அவர்கள் மெல்பேர்னுக்கு, அவளுடைய சித்தி குடும்பம் இருக்கும் பக்கம், போனார்கள். போகும்போது தாய் வந்து சொல்லிவிட்டுப் போனாள், பிள்ளையைக் கூட்டிவரவில்லை.

2013இல் மெல்பேர்னில் ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போனேன். அவர் என்னைக் காரில் த பேசின் என்ற இடத்திலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் அவர்களைக் கண்டேன். தாய்தான் எழும்பி வந்தாள்.

"எப்ப வந்தனீங்கள் அங்கிள்? சாப்பிட்டீங்களோ?"

நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. என் கண் போன இடத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"விசா வந்த அண்டைக்குத் திரும்ப வைச்சுப் பாத்தனான்," என்றாள். "கண்ணாடியில பாக்கப் பொய் மாதிரிக் கிடந்தது. அழிச்சிட்டன்."

அவள் எனக்கு ஒரு தட்டில் சோறு வாங்கித் தந்து மகளுக்கு எதிரே இருத்தினாள். பிள்ளை நெடுத்து வளர்ந்திருந்தாள். "ஹலோ அங்கிள்," என்றாள். தாத்தா என்று சொல்லவில்லை. பிறகு குனிந்து சாப்பிட்டாள்.

இடக்கையால் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் எத்தனை பின்னேரங்கள் அவளுக்குச் சாப்பாடு கொடுத்திருப்பேன், வலக்கையால்தான் சாப்பிடுவாள். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "கோயில்ல இடக்கையால சாப்பிடுறதே பிள்ளை?" என்று அதட்டினாள். பிள்ளை கையை மாற்றவில்லை. தாயும் மாற்றச் சொல்லவில்லை.

அதை அவள் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.